பள்ளிக்கூடப் பேர்

ஆகஸ்ட் 4

அண்ணா,

முதல்ல திட்டை வாங்கிக்கோ, அப்புறம் விஷயத்துக்கு வரேன். வெளிநாட்டுக்குப் போனதுலேர்ந்து மாசத்துக்கு ஒரு லெட்டர் போடுற, அதுலயும் நாலே வரி. "நான் நலம். வேலை பரவாயில்லை. அம்மாவைப் பார்த்துக்கோ. நல்லாப் படி." இதை ஒரே தடவை எழுதி நூறு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டா மாசம் ஒன்னா போட்டுடலாமே! பக்கத்து வீட்டு போன்ல கூப்பிடுறேன்னு மட்டும் சொல்லாதே. நீ கூப்பிட்டா அந்த வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வந்து நின்னு கேக்குறாங்க.

விஷயம் என்னன்னா, பத்தாவது பொதுப் பரீட்சைக்கு ஃபார்ம் நிரப்புறாங்க. பிறப்புச் சான்றிதழ் காப்பி கொண்டு வான்னு டீச்சர் சொன்னாங்க. அம்மா ஃபேக்டரிக்குப் போயிருந்தா. சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா என்ன, கடிகாரத்துக்குப் பின்னாடிதானே. நானே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

அதுல ரெண்டு சான்றிதழ் இருக்கு அண்ணா. உன்னோடது தனி, அதைச் சொல்லல. ரெண்டுமே பொண்ணு. ரெண்டுலயும் அம்மா பேரு, அப்பா பேரு அதேதான். ஒன்னு என்னோடது, என் பள்ளிக்கூடப் பேரு போட்டு, பிப்ரவரி 11. இன்னொன்னு அடுத்த வருஷம் செப்டம்பர் 23. அதுல இருக்கிற பேரை நான் என் ஜென்மத்துல கேட்டதே இல்ல.

நமக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா? எனக்கு அப்புறம் பொறந்து செத்துப் போயிட்டாளா? எனக்கு ஒன்னரை வயசு இருக்கும்போது பொறந்திருக்கா, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும். ஆனா உனக்கு ஏழு எட்டு வயசு இருக்குமே. ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல? முன் ரூம்ல மாட்டியிருக்கே, நீ என்னை இடுப்புல தூக்கி வெச்சிருக்கிற போட்டோ, கோடு போட்ட கவுன் போட்டுக்கிட்டு, அதுலயும் அவ இல்ல.

அம்மாகிட்ட கேக்க பயமா இருக்கு. ஏற்கனவே என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுறா. எல்லாம் என் உயரம்தான். கிளாஸ்ல என்னை "அரை டிக்கெட்"னு கூப்பிடுறாங்க. பஸ்ல கண்டக்டர் நிஜமாவே அரை டிக்கெட் கிழிச்சுக் குடுத்தான், எல்லாரும் ஒரு வாரம் சிரிச்சாங்க. கிளாஸ்ல நான் ஒருத்திதான் இன்னும் வயசுக்கு வரல. பதினஞ்சரை வயசு ஆச்சு. ரெண்டு டாக்டரைப் பார்த்தாச்சு, மூணு டானிக் குடிச்சாச்சு. இதை உன்கிட்ட எழுத வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வேற யாருகிட்ட சொல்ல?

தங்கச்சியைப் பத்தி எழுது. சீக்கிரம்.

குட்டி


ஆகஸ்ட் 19

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே வேலை அதிகம். ஆஸ்பத்திரி லாண்டரியில் இப்போது என்னை உருளை மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். ஈரப் போர்வையை ஒரு பக்கம் இரண்டு பேர் பிடித்து விடவேண்டும், மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு போர்வை. கையில் சின்னச் சூடு, பயப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்டதைப் பற்றி. பழைய காகிதம் ஏதாவது இருக்கும். அதை இருந்த இடத்திலேயே வைத்துவிடு. அம்மாவிடம் கேட்காதே. பிப்ரவரி 11 போட்டிருப்பதை டீச்சரிடம் கொடுத்தால் போதும்.

டாக்டர் டானிக் எல்லாம் வேண்டாம். உனக்கு ஒன்றும் இல்லை. அது தானாக வரும், அவசரம் கிடையாது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

நல்லாப் படி.

அண்ணன்


செப்டம்பர் 1

அண்ணா,

யாருகிட்ட கதை விடுற? "எழுதிக்கொள்வது", "கிடைத்தது"ன்னு நீ புத்தகத் தமிழ்ல எழுதினாலே ஏதோ மறைக்கிறேன்னு அர்த்தம். சைக்கிளை ஆக்ஸிடென்ட் பண்ணிட்டு ஹெட்மாஸ்டருக்கு மன்னிப்பு லெட்டர் எழுதினியே, அப்பவும் இப்படித்தான் எழுதின.

"உனக்கு ஒன்றும் இல்லை, உறுதியாகச் சொல்கிறேன்"னு எழுதியிருக்க. நீ என்ன டாக்டரா? ரெண்டு டாக்டர் நெத்தியைச் சுருக்கினாங்க. உருளை மெஷின்ல போர்வை விடுற ஆளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்பாகிட்ட கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை வாசல்ல வேன் கழுவிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பேரை எழுதி வெச்ச துண்டுச் சீட்டை நீட்டி, "இது யாருப்பா?"ன்னேன். அப்பா படிச்சாரு. கையில குழாய் ஓடிக்கிட்டே இருக்கு, தண்ணி எல்லாம் அவர் செருப்பு மேல. "நான்தான் வெச்சேன் அந்தப் பேரை"ன்னாரு. "அவ எங்க?"ன்னு கேட்டேன். என் தலை மேல ஈரக் கையை வெச்சாரு, அவ்வளவுதான். வேன்ல ஏறிப் போயிட்டாரு. பாதி சோப்பு நுரையோட!

அண்ணா, அவளுக்கு என்னால ஏதாவது ஆச்சா? நான் தள்ளி விட்டுட்டேனா, என் காய்ச்சல் அவளுக்கு ஒட்டிக்கிச்சா? அதனாலதான் அம்மா என்னை அப்படிப் பார்க்கிறாளா? எதுவா இருந்தாலும் சொல்லிடு, தாங்கிக்கிறேன். சொல்லாம இருக்கிறதைத்தான் தாங்க முடியல.

இந்தத் தடவையும் நாலு வரி வந்தா உனக்கு நான் எழுதவே மாட்டேன்.

குட்டி


செப்டம்பர் 14

குட்டி,

இதை நாலு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது அஞ்சாவது. நடுவுல நிறுத்தினா மறுபடியும் கிழிச்சுடுவேன், அதனால நேராச் சொல்லிடுறேன்.

உனக்குத் தங்கச்சி யாரும் கிடையாது. உனக்கு ஒரு அக்கா இருந்தா. பிப்ரவரி 11 அவ பொறந்த நாள். செப்டம்பர் 23 உன்னோடது. நீ கேள்வியே படாத அந்தப் பேருதான் உன் பேரு. நீ பள்ளிக்கூடத்துல எழுதுற பேரு அவளோடது.

போட்டோல என் இடுப்புல இருக்கிறது நீ இல்ல. அவ.

அவளுக்கு மூணு வயசு. காய்ச்சல் வந்தது, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு இருந்தோம். மூணாவது நாள் அப்பா வேன்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. பாதி வழியிலயே முடிஞ்சு போச்சு. உனக்கு அப்ப ஒன்னரை வயசு, நடக்கக் கத்துக்கிட்டு இருந்த. உன்னால எதுவும் ஆகல. உனக்கு ஜலதோஷம் கூட கிடையாது அப்ப. அந்த நினைப்பை விட்டுடு, ப்ளீஸ்.

அதுக்கு அப்புறம்தான் அம்மாவுக்கு கார்மென்ட்ஸ்ல வேலை கிடைச்சு இந்த ஊருக்கு வந்தோம். இங்க யாருக்கும் அவளைத் தெரியாது. அம்மா அவ பேரைச் சொல்றதை நிறுத்திட்டா. அப்பாவும். நானும்.

இனிமே சொல்றது என் தப்பு.

எனக்குப் பன்னெண்டு வயசு. அம்மா காலையில ஏழு மணிக்குப் போயிடுவா, அப்பா வேன் எடுத்துக்கிட்டு அதுக்கும் முன்னாடி. உன்னைப் பார்த்துக்க நான்தான். வாரத்துல ரெண்டு நாள்தான் பள்ளிக்கூடம் போவேன். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா பேரை அடிச்சுடுவேன்னு வாத்தியார் சொல்லிட்டாரு. எனக்குப் படிக்கணும் குட்டி. கணக்கு எனக்கு நல்லா வரும், தெரியும்ல? அப்பா அட்மிஷன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்து, "தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் கேட்டுப் பாரு"ன்னாரு. கூட்டிட்டுப் போனேன். உன் சான்றிதழைப் பார்த்துட்டு, "அஞ்சு வயசு முடியணும், மூணு மாசம் குறையுது, அடுத்த வருஷம் வா"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

மூணு மாசம். வெறும் மூணு மாசம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அவ காகிதம் மேலயே இருந்தது. அவளுக்கு இருந்திருந்தா ஆறு வயசு ஆகியிருக்கும். ஃபார்ம்ல பென்சில்ல எழுதியிருந்த உன் பேரை ரப்பரால அழிச்சுட்டு அவ பேரை எழுதினேன். மறுநாள் வேற கவுன்டர்ல வேற ஆள் இருந்தாரு. "ஆறு வயசுக்கு ரொம்பப் பொடிசா இருக்காளே"ன்னு உன் கன்னத்தைக் கிள்ளினாரு. "சாப்பிட மாட்டா சார்"னு சொன்னேன். முத்திரை குத்திட்டாரு. அன்னிலேர்ந்து நான் ஒழுங்கா பள்ளிக்கூடம் போனேன்.

முதல் ரிப்போர்ட் கார்டு வந்தப்பதான் வீட்டுல மாட்டிக்கிட்டேன். அப்பா ஆணியில மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்தாரு. அம்மா குறுக்கே வந்து கார்டைப் பிடுங்கி, அந்தப் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சா. மூணு வருஷம் கழிச்சு அவ வாயில அந்தப் பேரு வந்தது. "கணக்குல எண்பத்தாறு வாங்கியிருக்கா"ன்னு சொன்னா. அப்புறம், "இருந்துட்டுப் போகட்டும். வீட்டுல குட்டி, பள்ளிக்கூடத்துல இது. எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு பேரு இருக்குதானே"ன்னா. பெல்ட் திரும்ப ஆணிக்குப் போயிடுச்சு. நான் தப்பிச்சோம்னு நினைச்சேன்.

நம்ம வீட்டுல யாருக்கும் பிறந்த நாள் கொண்டாடாததுக்குக் காரணமும் இதுதான். எந்தத் தேதியில கொண்டாடுறது?

இப்ப புரியுதா நான் ஏன் உறுதியாச் சொன்னேன்னு? உன் உடம்புல ஒரு கோளாறும் இல்ல. உனக்குப் பதினஞ்சரை இல்ல.

என்னை எப்படி வேணா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

அண்ணன்


செப்டம்பர் 28

அண்ணா,

உன் லெட்டர் நேத்து சாயங்காலம் வந்தது. நல்லவேளை, அம்மா வர ஆறு மணி ஆகும். மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உட்கார்ந்து மூணு தடவை படிச்சேன். முதல் தடவை அழுதேன். ரெண்டாவது தடவை உன்னை என்னென்னவோ கெட்ட வார்த்தையில திட்டினேன், உனக்கு விக்கல் எடுத்திருக்கும். மூணாவது தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பதினாலு வயசு! அதுவும் அஞ்சு நாள் முன்னாடிதான் ஆச்சு. 23ஆம் தேதி எனக்குப் பிறந்த நாள், எனக்கே தெரியாம முடிஞ்சு போச்சு. அன்னிக்கு ஹிஸ்டரி டெஸ்ட் எழுதினேன்.

சிரிப்பு வந்துடுச்சு அண்ணா. சத்தியமா. ஏழாவதுலேர்ந்து கண்ணாடி முன்னாடி நின்னு, எனக்கு என்ன குறைன்னு தேடிக்கிட்டு இருக்கேன். பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதிருக்கேன். நான் பொண்ணே இல்லையோன்னு கூட நினைச்சிருக்கேன். ஒரு குறையும் இல்ல! என் வயசுக்கு நான் சரியாத்தான் இருக்கேன்! அந்த டானிக் பாட்டிலை எல்லாம் சாக்கடையில ஊத்திட்டேன்.

அப்புறம்தான் கோபம் வந்தது. உன் மேல இல்ல, உன் மேலயும்தான், ஆனா அம்மா மேல ஜாஸ்தி. அவளுக்கு என் வயசு தெரியும்தானே? பெத்தவளுக்குத் தெரியாதா? அப்புறம் எப்படி டாக்டர் எதிர்ல உட்கார்ந்து, "பதினஞ்சு முடிஞ்சிடுச்சு டாக்டர், இன்னும் ஆகல"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா? நடிப்பா? இல்ல நிஜமாவே அப்படி நினைக்கிறாளா? எது மோசம்னு எனக்குத் தெரியல.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? இன்னிக்கு மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குப் போய் கிளார்க் சாரைப் பார்த்தேன். ரெண்டு சான்றிதழையும் மேஜை மேல வெச்சேன். அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "என்னம்மா குண்டு போடுற"ன்னாரு. ஆனா நல்ல மனுஷன். பொறுமையா எடுத்துச் சொன்னாரு.

பேரையும் தேதியையும் இப்ப மாத்தினாத்தான் உண்டு. அக்டோபர் 31 கடைசி நாள். அதுக்கு அப்புறம் பேர் லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிடும், பரீட்சை சர்டிஃபிகேட்ல என்ன பேரு அச்சாகுதோ அதுதான் சாகுற வரைக்கும். மாத்தினா எனக்கு வயசு பத்தாது, இந்த மார்ச்ல எழுத முடியாது, ஒரு வருஷம் காத்திருக்கணும். பரவாயில்லைன்னு சொல்லிட்டேன். ஒரு வருஷம் என்ன அண்ணா, பதினாலு வருஷமா காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

ஆனா மூணு காகிதம் வேணுமாம். சேர்க்கும்போது தப்பாக் குடுத்துட்டோம்னு ஒரு வாக்குமூலம். அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தும் போட்ட விண்ணப்பம். மூணாவது, அக்காவோட இறப்புச் சான்றிதழ். அது பெட்டியில இல்ல. அப்பாகிட்ட கேட்டேன். அவ சாவை யாரும் எங்கயும் பதியவே இல்லையாம். "நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு இருந்தேன்"னாரு. அதாவது, காகிதத்துல அவ உயிரோட இருக்கா, பத்தாவது படிக்கிறா. நான் பொறந்ததோட சரி.

நீ வந்துடு அண்ணா. நீதானே ஆரம்பிச்ச, நீ வந்து சொன்னா அம்மா கேப்பா. ஒரு வாரம் போதும்.

உன் தங்கச்சி (குட்டின்னு போட இன்னிக்கு மனசு வரல. இன்னொன்னைப் போடவும் கூச்சமா இருக்கு.)


அக்டோபர் 11

தங்கச்சி,

உன் லெட்டர் வந்த அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட போனேன். யார் செத்தாங்கன்னு கேட்டாரு. யாரும் சாகலை சார், செத்தவ ஒருத்தியைப் பதியணும்னு சொன்னேன். எப்ப செத்தான்னு கேட்டாரு. பன்னெண்டு பதிமூணு வருஷம் ஆச்சுன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. "அவ்வளவு நாள் பொறுத்தவங்க உன் கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் பொறுக்க மாட்டாங்களா?"ன்னு கேட்டாரு. பாஸ்போர்ட் அவர் பீரோவுல இருக்கு. இன்னும் பதினோரு மாசம். கெஞ்சிப் பார்த்தேன், என்கூட ரூம்ல தங்கியிருக்கிற எலக்ட்ரீஷியனும் எனக்காகப் போய்ப் பேசினாரு. ஒன்னும் நடக்கல.

வாக்குமூலம் எழுதி இதோட வெச்சிருக்கேன். பன்னெண்டு வயசுல நான் செஞ்சதுன்னு, அப்பா அம்மாவுக்கு அப்ப தெரியாதுன்னு தெளிவா எழுதி, இங்க ஆஸ்பத்திரி அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கேன். இதை வெச்சு என் மேல கேஸ் போட்டா போடட்டும்.

அம்மாவைப் பத்தி நீ கேட்டது. நடிப்பு இல்ல குட்டி. ஆரம்பத்துல தெரிஞ்சுதான் சொன்னா. ஒவ்வொரு வருஷமும் உனக்கு யூனிஃபார்ம் தைக்கும்போது கொஞ்சம் பெருசாவே வெட்டுவா, கவனிச்சியா? "வளர்ற பிள்ளை"ம்பா. உன் அளவுல வெட்டினது இல்ல அது, அவ அளவுல. அவ இருந்திருந்தா எவ்வளவு இருப்பான்னு வெட்டினது. நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதா"ன்னு கத்திரிக்கோலை வெச்சுட்டு எழுந்து போயிட்டா. சொல்லிச் சொல்லி இப்ப அவளே நம்பிட்டா.

நீ அவளை ஜெயிச்சுடணும்னு எனக்கு ஆசை. அம்மா தோத்துடக் கூடாதுன்னும் ஆசை. இங்க உட்கார்ந்துக்கிட்டு இப்படிப் பேசுறது ஈஸி, தெரியும். என்னால வேற எதுவும் பண்ண முடியல.

அண்ணன்


அக்டோபர் 31

அண்ணா,

முடிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்து எழுதுறேன். அவசரத்துல எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

உன் வாக்குமூலம் 24ஆம் தேதி வந்தது. அப்பா அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு, வேன் ஸ்டீயரிங் மேல வெச்சு. "அம்மாகிட்ட நீயே கேளு, எனக்கு தைரியம் இல்ல"ன்னாரு. அம்மாகிட்ட ஒரு வாரம் கேட்டேன். கத்தினேன், சாப்பிடாம இருந்தேன். ஒரு நாள் போட்டோவைக் கழட்டி அவ எதிர்ல வெச்சு, "இது நான் இல்லைன்னு உன் வாயால சொல்லு"ன்னேன். அது கொடுமை, தெரியும். அவ போட்டோக் கண்ணாடியை முந்தானையால துடைச்சு மறுபடி சுவத்துல மாட்டினா. நேத்து அவளா வந்து, "எங்க கையெழுத்துப் போடணும்?"னு கேட்டா. எனக்கு நம்பவே முடியல.

இன்னிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்தா. ஃபேக்டரி கோட்டைக் கூடக் கழட்டல, தோள் எல்லாம் நூல் துணுக்கு. கிளார்க் சார் நாற்காலி போட்டாரு. விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டுட்டா அண்ணா! மளமளன்னு போட்டுட்டா. நான் நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் சார், இறப்பைப் பதியற ஃபாரத்தை எடுத்து வெச்சாரு. "இதை நிரப்பிக் குடுத்துடுங்க. நகராட்சியில குடுத்து இன்னிக்கே ரசீது வாங்கிடலாம், ரசீது இருந்தா போதும், நான் லிஸ்டைப் பிடிச்சு வெக்கிறேன்"னாரு. அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படிச்சா. அப்புறம் சாரைப் பார்த்து, "இதைக் குடுத்தா, உங்க ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா.

"சிவப்பு மையில அடிச்சுட்டு, பக்கத்துல இந்தப் பொண்ணு பேரை எழுதுவோம்மா."

"ஒன்னாம் கிளாஸ்லேர்ந்தா?"

"எல்லா வருஷமும்தான்மா. பத்து ரிஜிஸ்டர்."

அம்மா பேனாவை எடுத்தா. "இறந்தவர் பெயர்"னு ஒரு கோடு. அதுக்கு மேல முதல் எழுத்தை எழுதினா. அவ்வளவுதான். பேனா அங்கயே நிக்குது. அழல, ஒன்னும் பண்ணல. கை மட்டும் நகரல. அப்புறம் என் பக்கம் திரும்பி, பேனாவை என்கிட்ட நீட்டி, "நீயே எழுதிடு கண்ணு. உனக்குத்தான் இந்தப் பேரு நல்லா எழுத வரும்"னா.

வாங்கினேன். பத்து வருஷமா எல்லா நோட்டுலயும், எல்லாப் பரீட்சைத் தாள்லயும் நான் எழுதின பேரு. கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன். அந்தக் கோட்டு மேல எழுத எனக்குக் கை வரல. சத்தியமா வரல. நான்தான் அவளைக் கொல்றேன்னு தோணிடுச்சு. அவ வாங்கின மார்க் எல்லாம் நான் வாங்கினது. அவளை அரை டிக்கெட்னு கூப்பிட்டாங்க, திரும்பிப் பார்த்தது நான். அவளை அடிச்சா என்னைத்தானே அடிக்கணும்?

கிளார்க் சார் கடிகாரத்தைப் பார்த்தாரு, எங்களை அவசரப்படுத்தல. நான் ஃபாரத்தை மடிச்சு அம்மா கைப்பையில வெச்சுட்டேன். "பழைய பேருலயே அனுப்பிடுங்க சார்"னேன். "யோசிச்சுத்தான் சொல்றியா?"ன்னாரு. யோசிக்கல, சும்மா தலையை ஆட்டினேன். அம்மா என்னைத் தடுக்கல. வெளியில வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா, பஸ் ஸ்டாப் வரைக்கும் விடல. எனக்குப் பாவமா இருந்தது. உதறிட்டு ஓடணும் போலவும் இருந்தது.

மார்ச்ல நான் பரீட்சை எழுதுவேன். நல்லாவே எழுதுவேன்.

எனக்கு ஒன்னே ஒன்னு பண்ணு அண்ணா. ஒரே ஒரு தடவை என் பேருக்கு ஒரு லெட்டர் போடு. கவர் மேல என் நிஜப் பேரு, முழுசா. உள்ள என்ன வேணா எழுது. அந்தப் பேருக்கு உலகத்துல ஒன்னாவது வரணும்.

குட்டி


நவம்பர் 13

குட்டி,

உன் லெட்டரை மெஷின் பக்கத்துல நின்னே படிச்சுட்டேன், ரெண்டு போர்வை கருகிப் போச்சு. திட்டு வாங்கினேன், அதை விடு.

நான் அன்னிக்கு அழிச்ச ரப்பரை நினைச்சா எனக்குத் தாங்கல. இத்தனை பேர் கூடி இன்னொரு தடவை அழிக்க முடியலை பாரு, பன்னெண்டு வயசுல நான் ஒத்தை ஆளா ரெண்டு நிமிஷத்துல அழிச்சேன்.

இதோட தனியா இன்னொரு கவர் போடுறேன், உன் பேருக்கு. எட்டுப் பக்கம். நான் இதுவரைக்கும் யாருக்கும் எட்டுப் பக்கம் எழுதினதில்ல. ரெண்டும் ஒரே நாள்தான் போடுறேன், ஆனா அது கனமா இருக்கு, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னே பின்னே வரும். பார்த்து வாங்கிக்கோ.

அண்ணன்


நவம்பர் 26

அண்ணா,

நீ போட்ட சின்ன லெட்டர் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி வந்தேன், தபால்காரர் வரல. இன்னிக்கு சனிக்கிழமை. அம்மாவுக்கு அரை நாள்தான் வேலை, அது எனக்கு ஞாபகமே இல்ல. நான் வாசல்ல நிக்குறேன், அம்மா உள்ள ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்கு மார்ச்சுக்குப் புதுச் சட்டை வெட்டிக்கிட்டு இருக்கா.

தபால்காரர் சைக்கிளை நிறுத்தி கவரை எடுத்தாரு. தடியா இருந்தது. உன் கையெழுத்து. நான் கை நீட்டுறதுக்குள்ள அவரு சத்தமாப் படிச்சுட்டாரு, இன்ஷியலோட, முழுசா. என் பேரை ஒருத்தர் வாயால நான் கேக்குறது அதுதான் முதல் தடவை. "இந்த வீட்டுல இந்தப் பேருல யாரும்மா?"ன்னு கேட்டாரு.

உள்ள கத்திரிக்கோல் சத்தம் நின்னு போச்சு. திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து நிக்குறா, மடியிலேர்ந்து துணி எல்லாம் கீழ விழுந்து கிடக்கு. நேரா என்னைப் பார்க்கிறா. வாயைத் திறந்தா அண்ணா. ஏதோ சொல்ல வந்தா. என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது, இனிமே தெரியவும் போறதில்ல. ஏன்னா நான் முந்திக்கிட்டேன். "அப்படி யாரும் இங்க இல்லீங்க"ன்னு சொல்லிட்டேன். எப்படி வந்ததுன்னே தெரியல, வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு.

தபால்காரர் கவர் மேல பேனாவால ஏதோ கிறுக்கி, பையோட அடியில போட்டுட்டுப் போயிட்டாரு. தெரு முனை வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னேன். ஓடிப் போய் வாங்கியிருக்கலாம். ஓடல.

அம்மா திரும்ப உட்கார்ந்துட்டா. கீழ கிடந்த துணியை எடுத்து மடியில போட்டுக்கிட்டே, "அது நல்ல பேரு"ன்னா. அப்புறம் டேப்பை எடுத்துக்கிட்டு என்னைக் கூப்பிட்டு என் தோளை அளந்தா.

கவர் உன்கிட்டயே திரும்பி வரும். கோபப்படாதே. கிழிச்சுப் போட்டுடாதே. அந்த எட்டுப் பக்கத்துல எனக்கு என்ன எழுதியிருந்த? அதை அப்படியே இன்னொரு கவர்ல வெச்சு அனுப்பு. பள்ளிக்கூடப் பேருக்கே போடு அண்ணா, வந்து சேர்ந்துடும்.

குட்டி